பதினான்காவது வரி

மாலை வகுப்பில் அவளுக்கு 'சீரியல் நம்பர்' என்று பெயர். கம்ப்யூட்டரை ஆன் செய்வதைக்கூட ஒன்று என்று எண் போட்டு நோட்டில் எழுதிவிட்டுத்தான் செய்வாள். தன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அவளோடு ஜோடியாகப் படித்தவர் ஒரு பஸ் டிரைவர். முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் செய்முறைத் தேர்வில் தேறினால் டிப்போவின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. இல்லாவிட்டால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். மூன்று வாரமாக இருவரும் ஒரு வர்ச்சுவல் மெஷினில், அதாவது கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கும் இன்னொரு கம்ப்யூட்டரில், ஆறு ரவுட்டர்களை இணைத்து ஒரு நெட்வொர்க் கட்டியிருந்தார்கள். தேர்வில் அதைத்தான் ஓட்டிக் காட்ட வேண்டும்.

அன்று அதன் டிஸ்க் நிரம்பிவிட்டது.

"நீயே பெருசு பண்ணிடும்மா. நான் தொட்டா எதையாவது இடிச்சிடுவேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் டீ குடிக்கப் போனார்.

அளவு மாற்றும் கட்டம் மங்கிக் கிடந்தது. முதல் வாரத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட் ஒன்று, மெஷினின் அன்றைய நிலையை அப்படியே பிடித்து வைத்த பிரதி, குறுக்கே நின்றது. அதைத் தீர்த்துக் கட்டினால்தான் டிஸ்க் வளரும். இரண்டு பட்டன்கள் இருந்தன: நீக்கு, மீட்டெடு. நீக்கினால் மூன்று வார உழைப்பும் சேர்ந்து போய்விடுமோ என்று பயந்தாள். மீட்டெடுப்பதில் என்ன கெட்டுவிடப் போகிறது? அழுத்தினாள். இப்போதைய நிலையையும் சேமிக்கவா என்று டிக் போட்ட ஒரு கட்டம் கேட்டது. இடமில்லாமல்தானே இந்தப் பாடு என்று அந்த டிக்கையும் எடுத்துவிட்டாள்.

மெஷின் முதல் வாரத்து நிலைக்கே திரும்பி எழுந்தது. உள்ளே ஒரு ரவுட்டர்கூட இல்லை. காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது.

அப்போதும் பழக்கம் விடவில்லை. நோட்டில் எழுதினாள்: '14. மீட்டெடு அழுத்தினேன். டிக்கையும் எடுத்தேன். எல்லாம் போச்சு.'

"முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே டிரைவர் வந்தார்.

"டிஸ்க் கெட்டுப்போச்சுண்ணா." அவளைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது.

அவர் திரையைப் பார்த்தார். நேரே லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் மேஜைக்குப் போனார். "நாளைக்குப் பரீட்சை. இன்னைக்கு ஓட்டை டிஸ்க்கக் குடுத்திருக்கீங்க. நாங்க என்ன பொழுது போகாமலா இங்க வர்றோம்?" என்று அவர் கத்துவது அறை முழுக்கக் கேட்டது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத லேப் அக்கா எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்கண்ணா, என் தப்புதான். நேத்தே செக் பண்ணியிருக்கணும்," என்றாள்.

சீரியல் நம்பர் மானிட்டருக்குப் பின்னால் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். காது இரண்டும் சுட்டன.

திரும்பி வந்தவர் குரலைத் தணித்தார். "போகுது விடு. நீதான் ஒவ்வொரு கமாண்டையும் எழுதி வச்சிருப்பியே. நோட்டைக் குடு, கிளாஸ் முடியறதுக்குள்ள திரும்பக் கட்டிடலாம். உன்னக் கிண்டல் பண்ணவனெல்லாம் இப்ப வந்து பாக்கட்டும்."

அன்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று தோன்றியது. அதன் பின்பக்கத்தில்தான் ஆறாவது ரவுட்டரின் கமாண்டுகள் இருந்தன. அந்தப் பக்கத்தையே விரித்து அவரிடம் நீட்டினாள்.

அவர் விரல் வைத்துப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"அப்ப டிஸ்க் கெடல."

"இல்லண்ணா."

"அந்தப் பொண்ணுகிட்ட நான் கத்திட்டு வந்திருக்கேன்."

அவளால் நிமிர முடியவில்லை. அவர் திட்டவில்லை, நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டு நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பினார். "போய் சொல்லிட்டு வா. நான் ஆரம்பிக்கிறேன்."

லேப் அக்காவின் முன்னால் பழுதுப் படிவம் பாதி நிரம்பிக் கிடந்தது. "உங்க டிஸ்க்குக்குத்தான் எழுதிட்டிருக்கேன். எத்தனை மணிக்குக் கெட்டுச்சு?"

"கெடலக்கா. நான்தான்."

பேனா நின்றது. "நீ என்ன பண்ணுன?"

டிரைவர் இரண்டு விரலால் தட்டித் தட்டி டைப் செய்யும் சத்தம் பின்னாலிருந்து வந்தது. நோட்டு அவரிடம் இருந்தது. எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல், அவள் பதினான்கிலிருந்தே தொடங்கினாள்.