டூகலின் சந்தேகமும் என் முதுகும்

இரண்டு வருஷம் நான் மனிதர்களை அவர்களுடைய பூட்ஸை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். முதுகு அவ்வளவு வளைந்திருந்தது. ஒருமுறை பக்கத்து ஊரான பர்ராவின் கடைத்தெருவில் என் மைத்துனனின் பூட்ஸைப் பார்த்து நிறுத்திக் கால் மணி நேரம் குடும்ப ரகசியம் பேசினேன். அவன் அந்த பூட்ஸைப் பாதிரியாருக்குக் கொடுத்துவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது. பாதிரியார் நல்ல மனிதர், கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

நாற்பது வருஷம் ஆடுகளுக்கு ரோமம் கத்தரித்தவன் நான். குனிந்து இழுத்து, குனிந்து கத்தரித்து, குனிந்து வெளியே தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றைம்பது ஆடு. அந்த ஆகஸ்டில் டூல்கானா பண்ணையில் வேலை தொடங்குவதற்கு நாலு நாள் முன்னால், எங்களை வேலைக்கு எடுக்கும் குத்தகைக்காரன் ராஸ் பென்னிக் வீட்டுக்கு வந்தான்.

"பெருசு, போன பண்ணையில மூணாம் நாளே படுத்துட்ட. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை கடைசி மணி வரைக்கும் நின்னு கத்தரிச்சேன்னா, வருஷம் பூரா உன் இடம் உனக்குத்தான். நடுவுல படுத்தியோ, துடைப்பத்தை எடுத்துக்க."

துடைப்பம் என்றால் மற்றவர்கள் கத்தரித்துப் போடுவதைப் பெருக்குவது. பதினாறு வயதில் நான் செய்த வேலை.

என் மனைவி எல்வா வண்டியை எடுத்தாள். என்னைக் கம்பளி மூட்டை மாதிரி வண்டியின் பின்னால் ஏற்றி, பர்ராவில் முதுகெலும்பைக் கையாலேயே அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டர் மார்னி கெசலிடம் கொண்டுபோய் இறக்கினாள்.

மார்னி அரை மணி நேரம் கேள்வி மட்டும்தான் கேட்டாள். கால் மரத்துப்போகிறதா, ராத்திரி வலி எழுப்புகிறதா, எங்கேயாவது விழுந்தேனா என்று. அப்புறம் பக்கவாட்டில் படுக்க வைத்து, இடுப்பில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். அந்த 'டக்' சத்தத்தைத் துப்பாக்கி என்று நினைத்து எதிர்க்கடை வாசலில் தூங்கிய நாய் ஓடிவிட்டது. மறுநாள் கிளேர் ஊரில் பிடித்தார்கள், நாற்பது கிலோமீட்டர். நான் எழுந்து நின்றேன். வரும்போது தரையில் புரண்ட என் பேன்ட் கணுக்காலுக்கு மேலே நின்றது.

"அவ்வளவுதானே டாக்டர்? சரியாயிடுச்சு!"

"ரெண்டு நாளைக்கு இப்படி இருக்கும் ஆல்பி. நான் கொஞ்சம் இளக்கி விடலாம், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். ஒவ்வொரு ஆடு முடிஞ்சதும் நிமிர்ந்து, இடுப்புல கையை வச்சு மெதுவா பின்னால சாயுங்க. மூணு மூச்சு. அப்புறம்தான் அடுத்த ஆடு. தினமும் சாயங்காலம் அரை மணி நடங்க. வலிக்குதுன்னு அசையாம மட்டும் படுத்துடாதீங்க."

"இடைவேளை மணி அடிக்காம நிமிர்ந்தா கத்தரிக்கற கொட்டகையே சிரிக்கும் டாக்டர்."

"அப்ப துடைப்பந்தான்," என்றாள் எல்வா, பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

திங்கட்கிழமை காலை. எனக்குப் பக்கத்து இடம் டூகல் மக்காஸ்கில். எங்கள் கொட்டகைகளில் இரண்டிரண்டு பேருக்கு ஒரு பட்டி. சாதுவான ஆடுகளை எல்லாரும் முதலில் பிடித்துவிடுவார்கள். பட்டியில் கடைசியாக மிஞ்சும் முரட்டு ஆட்டுக்கு 'காப்ளர்' என்று பெயர். அது மட்டும் மிஞ்சியிருக்கும்போது யார் கை முதலில் காலியாகிறதோ அவன் தலையில் அது விழும். அதனால் கடைசி நேரத்தில் கத்தியைத் தீட்டுவதும், எண்ணெய் விடுவதும், தும்முவதும் சகஜம். டூகலும் நானும் முப்பது வருஷமாக ஒருவன் தலையில் ஒருவன் காப்ளரைக் கட்டி வளர்த்த நட்பு.

முதல் ஆட்டை முடித்தேன். இடுப்பில் கை வைத்துச் சாய்ந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று.

"டேய் ஆல்பி, என்னடா வேஷம் இது?"

"முதுகு டாக்டர் சொன்ன பயிற்சி."

"ஓகோ! காப்ளரை டூகல் தலையில கட்டுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாளா? எனக்கும் சாயத் தெரியும்டா. நீ மூணு மூச்சுன்னா நான் நாலு!"

சாய்ந்தான். அதைப் பார்த்து மூன்றாம் இடத்துக்காரனுக்கு நாலாம் இடத்துக்காரன் மேல் சந்தேகம் வந்தது. புதன்கிழமைக்குள் எட்டுப் பேரும் இடுப்பில் கை வைத்து, வரிசையாகக் கூரையைப் பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தோம். பட்டியில் ஆடுகளும் அண்ணாந்து பார்த்தன. பண்ணைக்காரர் கூரையில் ஓட்டை என்று நினைத்து ஏணி கொண்டுவரச் சொன்னார். ராஸ் கத்துவதற்காகத்தான் வந்தான். ஆனால் மதியத்துக்கு மேல் ஒருவனும் படுக்காததால் ஆட்டுக் கணக்கு ஏறியிருந்தது. வாயை மூடிக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை சாயங்காலம் வலி திரும்பி வந்தது. இடுப்பில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது. கட்டில் கூப்பிட்டது. மார்னி சொன்னதை நினைத்துக்கொண்டு வேலியோரம் நடந்தேன். முள்ளம்பன்றி மாதிரி முள் உடம்போடு உருண்டு வந்த எக்கிட்னா என்ற சிறு பிராணி ஒன்று என்னைத் தாண்டிப் போய், திரும்பி நின்று, பாவம் என்று பார்த்தது. பின்னால் காலடிச் சத்தம். டூகல். அவன் கையும் இடுப்பில் இருந்தது.

"நீ எதுக்குடா நடக்கற?"

"நீ எதுக்கு நடக்கறேன்னு பாக்கத்தான்."

அரை மணி நேரமும் கூடவே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை. கடைசி மணிக்கு மூன்று நிமிஷம். எங்கள் பட்டியில் ஒரே ஒரு ஆடு. டூகலும் நானும் ஒரே நேரத்தில் கையிலிருந்ததை வெளியே தள்ளினோம், ஒரே நேரத்தில் சாய்ந்தோம். மூன்று மூச்சு. நாலு. ஏழு. மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராஸ் வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்றான். மணி வரை அப்படியே சாய்ந்திருந்தாலும் நான் நின்றதாகத்தான் கணக்கு. ஆனால் ராஸ் கேட்டது நின்று கத்தரிப்பவனை.

"டூகல், உன் முதுகு எப்படி இருக்கு?" என்றேன் மெதுவாக.

"வெளிய சொன்னே, கொன்னுடுவேன். இருபது வருஷத்துல இவ்வளவு நல்லா இருந்ததில்ல."

கையை இடுப்பிலிருந்து எடுத்தேன். பட்டிக்குள் போய்க் காப்ளரைப் பிடித்தேன்.

அந்த ஆட்டின் தோலை மடிப்புப் பிரித்து விரித்தால் ஒரு கிரிக்கெட் மைதானத்தை மூடலாம். போன வருஷம் காணாமல் போன என் எண்ணெய்க் குப்பி அதன் கழுத்து மடிப்பில் கிடைத்தது, பாதி நிரம்பியபடி. உதைத்தது. இடுப்பு முனகியது. நடுவில் மணி அடித்தது. மணி அடிக்கும்போது கையில் இருக்கும் ஆட்டை முடிக்க வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். முடித்தேன். ரோமம் ஒரே விரிப்பாக வந்தது. வெளியே தள்ளிவிட்டு நிமிர்ந்து, மூன்று மூச்சு சாய்ந்தேன்.

"மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு பெருசு," என்றான் ராஸ். "இன்னும் நிக்கற."

"உக்காரச் சொல்லித்தான் பாரேன்."

ராஸ் அடுத்த பண்ணைக்கான ஆள் பட்டியலை எடுத்து, முதல் இடத்தில் என் பெயரை எழுதினான். டூகல் எட்டிப் பார்த்து, இரண்டாம் இடத்தில் தன் பெயரை எழுதச் சொன்னான். என்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டுமாம்.