ஏழாம் டான் செல்வதாஸ்

நாகர்கோவிலில் செல்வதாஸ் மாஸ்டரை மிஞ்சிய கராத்தேக்காரர் யாருமில்லை என்று செல்வதாஸ் மாஸ்டரே சொல்லிவந்தார். ஏழாம் டான், அதாவது கருப்பு பெல்ட்டில் ஏழாம் படி. அதை வழங்கிய சர்வதேசக் கூட்டமைப்பின் நிறுவனரும் தலைவரும் அவர்தான் என்பதால் தேர்வில் சிக்கல் எதுவும் எழவில்லை.

கராத்தே என்றால் மூன்று என்பார்: கிஹோன், கட்டா, குமித்தே. கிஹோன் அடிப்படைப் பயிற்சி. நிற்பது, குத்துவது, தடுப்பது எல்லாம் ஆயிரம் தடவை செய்யவேண்டும். பிள்ளைகள் சலித்துக்கொண்டதால் பத்தோடு நிறுத்திவிட்டார். கண்ணுக்குத் தெரியாத எதிரியோடு முறை தப்பாமல் செய்யும் கட்டா, வீடியோவுக்கு எடுப்பாக இருந்ததால் தினமும் நடந்தது. இருவர் நேருக்கு நேர் மோதும் குமித்தே மட்டும் ஒருநாளும் நடந்ததில்லை.

ஜூன் மாதத்தில் பெமிலா வந்து சேர்ந்தாள். குவைத்தில் பதினோரு வருடம் நர்சாக இருந்துவிட்டுத் திரும்பியவள். வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றாள். முன்பு எங்காவது பயின்றதுண்டா என்று மாஸ்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"மாஸ்டர், குமித்தே எப்பம் படிப்பிச்சுத் தருவீங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அது மனசுக்குள்ள நடக்குத காரியமாக்கும். கைய ஓங்கினா அங்கயே தோத்தாச்சு."

ஆண்டு விழா வந்தது. மண்டபம் நிறையப் பெற்றோர். மகளை அழைத்துக்கொண்டு குளச்சலிலிருந்து வந்திருந்த யேசுதாசன் எழுந்தார்.

"பிள்ளையளு செய்ததப் பாத்தாச்சு. மாஸ்டர் சண்டை போடுததயும் ஒருக்கா காட்டுங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். மாஸ்டர் மாணவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிளஸ் டூ பையன்கள் வேண்டாம். ஒவ்வொருவனும் தென்னை உயரம். பெமிலாவுக்கு நாற்பது வயது, வெள்ளை பெல்ட். தவறி அடிபட்டாலும் கட்டுப்போட அவளுக்கே தெரியும். அவளைக் கூப்பிட்டார்.

இருவரும் குனிந்து வணங்கினார்கள். மாஸ்டர் மண்டபம் அதிரக் கத்திக்கொண்டு பாய்ந்தார். பெமிலா அரையடி முன்னால் வந்தாள், அவ்வளவுதான். அவளுடைய முஷ்டி அவர் மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது. படவில்லை. படாமலே மாஸ்டர் பொத்தென்று தரையில் உட்கார்ந்தார்.

மாஸ்டர் உட்கார்ந்தபடியே கையை உயர்த்தினார். "பாத்தீங்களா? விழுததும் ஒரு வித்தையாக்கும்."

பெற்றோர் எழுந்து நின்று தட்டினார்கள். பெமிலா குனிந்து கை கொடுத்தாள்.

"குவைத்தில எனக்குப் படிப்பிச்ச ஜப்பான்காரரு, முதல் ஒரு வருஷம் நிக்க மட்டுந்தான் விட்டாரு மாஸ்டர்" என்றாள் மெதுவாக. அவருக்குக் காது சுட்டது.

அவள் ஜப்பான்காரரிடம் பயின்ற விஷயம் எப்படியோ கசிந்தது. மறுவாரம் பன்னிரண்டு பிள்ளைகள் பெமிலாவிடம் போனார்கள். பள்ளி மைதானத்தில் விடிகாலை வகுப்பு. ஒரு மாதம் முழுக்க அவள் நிற்கத்தான் சொல்லிக்கொடுத்தாள். பெல்ட் இல்லை, மெடல் இல்லை, ஸ்டேட்டஸில் வைக்க ஒரு படம்கூட இல்லை. இரண்டாம் மாதம் ஒன்பது பேர் மாஸ்டரிடமே திரும்பிவிட்டார்கள். மகளோடு முதலில் திரும்பி வந்தவர் யேசுதாசன்.

"சும்மா நிக்கதுக்கா பிள்ளையக் குளச்சல்ல இருந்து கொண்டு வாறோம்?"

மாஸ்டர் பெருந்தன்மையாக மன்னித்து, ஒன்பது பேருக்கும் மஞ்சள் பெல்ட் கொடுத்தார்.

ஒரு காலையில் மைதானத்துப் பக்கமாகப் போனபோது ஸ்கூட்டரை நிறுத்தினார். மிச்சமிருந்த மூன்று சிறுமிகள் முழங்காலை மடக்கி அசையாமல் நின்றிருந்தார்கள். தாடையில் வியர்வை சொட்டியது, ஒருத்தியும் துடைக்கவில்லை. மாஸ்டர் மதிலோரம் ஒதுங்கி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதேபோல் நின்று பார்த்தார். இருபது எண்ணுவதற்குள் தொடை வெடவெடத்தது.

டீக்கடையில், "என்ன மாஸ்டர், நொண்டுதீங்க?" என்று கேட்டார்கள்.

"குமித்தேயில பட்டது" என்றார்.