கொக்கி வந்த நேரம்

பிறக்கப்போகும் பிள்ளைக்கான பஞ்சுப் போர்வையில் தையல் விட்டுவிட்டு விழுந்தது. புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் நாளெல்லாம் மெஷின்களோடு மல்லுக்கட்டும் புவனேஸ்வரனுக்கு அது மானப் பிரச்சினை. தையல் மெஷினின் அடிமூடியைக் கழற்றினான். ஊசி அடிவரை இறங்கிச் சற்றே மேலேறும் நொடியில் கொக்கி முனை வந்து நூலைப் பிடிக்க வேண்டும். இது பிந்தி வந்தது. திருகைத் தளர்த்திக் கொக்கியை மயிரிழை முன்னே நகர்த்தி, சக்கரத்தைக் கையால் உருட்டினான். மனைவி பிரமிளா கைப்பேசி பிடித்த கையை வயிற்றின்மேல் ஊன்றி வெளிச்சம் காட்டினாள். ஊசி மேலேறும்போது வெளிச்சம் துள்ளியது.

"ஆட்டாத லா! ஒண்ணும் தெரியல."

மறுபடி உருட்டினான்; மறுபடி துள்ளியது.

"லைட்டக்கூட ஒழுங்கா பிடிக்க மாட்டியா?"

"என்னை ஏன் ஏசுறீங்க? உதைக்கிறது உங்க பிள்ள லா."

சக்கரம் இன்னொரு சுற்று உருண்டது. கொக்கி சொல்லிவைத்தாற்போல் வந்து நூலைப் பிடித்தது. அவன் கண்தான் ஊசியில் இல்லை.