காமுவின் இரண்டாவது முகம்

காமு கம்ப்யூட்டரிலிருந்து இறங்கி வந்தபோது பம்மலில் கரண்ட் இல்லை. ஆகவே அதை மெஷின் செய்த வேலை என்று யாரும் சொல்ல முடியவில்லை. 1993ஆம் வருஷம், ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். மெயின் ரோட்டில் மெட்டில்டாவின் தையல் கடைக்கு மேலே இருந்த மாடியறையில், யக்ஞநாராயணன் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேங்க் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் படம் செய்யக் கிளம்பியவர் அவர். உள்ளூர் கேபிள் டிவியில் தினமும் மாலை என்ன படம் என்று அறிவிக்க ஒரு பெண் வேண்டுமென்று அவரிடம் கேட்டிருந்தார்கள். சம்பளம் கேட்காத பெண்ணாக இருந்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்து மெஷின் தாங்கக்கூடிய அளவுக்குச் சில நூறு முக்கோணங்களை ஒட்டி ஒருத்தியைச் செய்து, காமு என்று பெயர் வைத்திருந்தார். இருண்டு கிடந்த திரையிலிருந்து முதலில் ஒரு கால் வந்தது, பிறகு மற்றது. மேஜைமேல் இருந்த காபி டம்ளரைத் தட்டாமல் இறங்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, “வணக்கம், நேயர்களே” என்றாள். அது யார் குரல் என்று அவருக்குத் தெரியாது. அவர் குரல் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. திருநீர்மலையில் பெருமாள் நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் காட்டுகிறார், இவள் நடந்ததோடு விட்டாளே என்று நினைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

முகம் அட்டையை மடித்துச் செய்ததுபோல் இருந்தது. மூக்கு ஒரே மடிப்பு. வெயில் பட்டால் கன்னம் கட்டம் கட்டமாகத் தெரியும். விரல்கள் பிரியாததால் கை, சாதக் கரண்டியைப் போலிருந்தது. பம்மல் இதையெல்லாம் ஒரு வாரம் நின்று பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனது. மெட்டில்டா தனியாக இருந்தவள். தன் வீட்டிலேயே காமுவுக்கு ஒரு பாய் போட்டுக் கொடுத்தாள். ஜாக்கெட் கழுத்தை வட்டமாக வெட்ட வழியில்லாமல் ஆறு மூலையாக வெட்டினாள். அடுத்த தீபாவளிக்குள் பொழிச்சலூர்வரை அது ஃபேஷனாகிவிட்டது. தோல் பதனிடும் ஷெட்டுகளால் கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன ஊர் என்பதால் எல்லோரையும்போல் காமுவும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றாள். தொலைக்காட்சித் தமிழோடு வரிசைக்குப் போனவள், அந்தத் தை மாதத்துக்குள் “இன்னாமே, என் கொடத்த யார்மே நகத்துனது?” என்று கேட்கும் அளவுக்குத் தேறிவிட்டாள். வரிசையில் எல்லோரையும் மிரட்டும் எல்லம்மா, வாரம் தவறாமல் அவளோடு சண்டை போட்டாள். கைக்குழந்தைகள் அவள் மூக்கு மடிப்பைப் பிடித்துக்கொண்டு தூங்கின.

கேபிள் கம்பி இழுக்கும் சின்னப்பனுக்கு அவளைப் பிடித்துப்போனது. மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவுகிறவன், அப்பா அம்மா இல்லாதவன், கூச்ச சுபாவம். அவன் கம்பம் ஏறும்போது காமு கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய கூரான தோளில் கம்பிச் சுருளை மாட்டிவைத்தால் நழுவவே நழுவாது. இப்படி இரண்டு வருஷம் போனபின் ஒருநாள் கம்பத்தின் உச்சியிலிருந்தே கேட்டான். “எனக்கும் யாரும் இல்ல, உனக்கும் யாரும் இல்ல. கண்ணாலம் கட்டிக்கலாமா?” காமு தன் கையைத் தூக்கிக் காட்டினாள். “மோதிரம் எங்க போடுவ?” என்றாள். அவன் இறங்கி வருவதற்குள் அவள் மாடிப்படி ஏறிப் போய், “சார், எனக்கு வெரலு வேணும்” என்று யக்ஞநாராயணனிடம் கேட்டுவிட்டாள்.

அவர் அப்போதுதான் புது மெஷின் வாங்கியிருந்தார். முந்தையதைவிடப் பல மடங்கு வேகம். காமு திரைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். விரல்கள் ஒரே வாரத்தில் முடிந்தன. நகமும் கணுவும் ரேகையும்கூட வந்துவிட்டன. அந்தக் கைக்கு இந்தத் தோள் பொருந்தவில்லை என்று தோளை உருட்டினார். தோளுக்குக் கழுத்து, கழுத்துக்கு முகம். தாம்பரம் ஸ்டேஷனில் நின்று போகிற வருகிற பெண்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் இரண்டு தடவை அடி வாங்கப் பார்த்தார். சித்திரையில் உள்ளே போனவள் கார்த்திகையில் வெளியே வந்தாள். தோலில் பூனைமுடி இருந்தது, உதட்டில் மெல்லிய கோடுகள் இருந்தன, கண்ணில் ஈரம் இருந்தது. யக்ஞநாராயணன் சந்தோஷத்தில் தெருவுக்கே கேசரி கிண்டச் சொன்னார்.

கேசரியை யாரும் சாப்பிடவில்லை. காமு படியிறங்கியதும் எதிர்க்கடை நாய் குரைக்காமல் எழுந்து நாகல்கேணிப் பக்கம் போனது. மூன்று நாள் திரும்பவில்லை. முன்பு அவள் மூக்கைப் பிடித்துத் தூங்கிய குழந்தைகள் அவளைக் கண்டதும் மூச்சடைக்க வீறிட்டன. தண்ணீர் வரிசையில் பெண்கள் விலகி அவளை முன்னால் விட்டார்கள். எல்லம்மா தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள். காமுவின் சிரிப்பு வரவேண்டிய நேரத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்தது. கண் உங்களைப் பார்த்தாலும், உங்களுக்கு ஒரு முழம் பின்னால் நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது. “எல்லாம் சரியாத்தான் கீது. அதான் பேஜாரா கீது” என்றாள் மெட்டில்டா. சொல்லிவிட்டு, வழக்கம்போல் அவளுக்குச் சோறு போட்டாள். ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டே போட்டாள்.

யக்ஞநாராயணன் கலங்கிப்போனார். பழைய முகத்துக்கே போய்விடலாமென்றால், அதை வைத்திருந்த பிளாப்பி மழையில் பூஞ்சை பிடித்திருந்தது. இமை கொட்டுவதைச் சரிசெய்தார். அன்றைக்குப் பால்காரர் சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தார். மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்கும்படி செய்தார். மெட்டில்டாவின் வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் பல்லாவரத்தில் தைக்கக் கொடுத்தார்கள். சரிசெய்யச் சரிசெய்ய ஊர் இன்னும் பயந்தது. கடைசியில் காமுவே, “விட்டுடுங்க சார்” என்றாள்.

சின்னப்பனால் அவளைப் பார்க்க முடியவில்லை. பார்த்தால் கை சில்லிட்டு, கம்பத்தில் பிடி நழுவியது. ஆனால் குரல் பழைய குரலாகவே இருந்தது. அதனால் அவன் எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து மாடியறைக்கு தினமும் சாயங்காலம் போன் செய்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு ரோடுதான். அவன் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவான், அவள் ஜன்னலில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். தண்ணீர் லாரி வந்ததா, யார் வீட்டில் படம் புள்ளிபுள்ளியாகத் தெரிகிறது, மதியம் என்ன குழம்பு. இப்படியே பொங்கல் போய், மாசியும் வந்தது.

மாசியில் ஒரு காலை, காமு பஸ் ஸ்டாண்டுக்குப் போனபோது சின்னப்பன் எதிரே வந்தான். அவளைக் கண்டதும், நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்தான். அவள் சுற்றிக்கொண்டு போய் அவன் சட்டையைப் பிடித்து, ரோட்டுக்கு இழுத்து வந்தாள்.

“யோவ்! போன்ல கண்ணுன்ற, ரோட்ல கண்டா பஸ்ஸுக்குப் பின்னால பூந்துக்கிற. இன்னா ஆளுய்யா நீ?”

“சத்தம் போடாத காமு. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டுமே! இந்த ஊர்ல ஒருத்தனும் என்னப் பாக்க மாட்டேன்றான், அதான் வயிறு எரியுது!”

“பொய் சொல்லல, எனக்குப் பயமா கீது. உன்னப் பாத்தா நீயாவும் கீற, நீயா இல்லாமயும் கீற.”

“நான் கேட்டது வெரலு. அதுவும் உனக்காவ கேட்டேன். அந்த மனுசன் மூஞ்சியையும் சேத்துக் குட்த்துட்டாரு. அதுக்கு நான் இன்னா பண்ண? கழட்டி வெச்சுட்டு வரட்டா?”

டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்த எல்லம்மா, எந்தச் சண்டையையும் சும்மா விட்டுப் பழகாதவள், யோசிக்காமல் உள்ளே புகுந்தாள். “ஏம்மே, நடுரோட்ல ஆம்பளை சட்டையப் புடிச்சிகினு இன்னா பேச்சு பேசற?”

காமு திரும்பினாள். “வந்துட்டியா? என்னப் பாத்ததும் கொடத்தத் தூக்கிகினு ஓடினவதானே நீ?”

“நானா? நானாடீ ஓடினேன்?” எல்லம்மா அவள் மூக்கோடு மூக்கு இடிக்கும் அளவுக்கு நெருங்கிவிட்டாள். “முப்பது வருசமா வரிசைல நிக்கிறேன். எவளுக்கும் பயந்தவ இல்ல நான்!”

நான்கு மாதச் சண்டை பாக்கி இருந்தது. அத்தனையையும் இரண்டு பேரும் அங்கேயே தீர்த்தார்கள். ஜன்னலோரப் பயணிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நியாயம் பேசினார்கள். காமுவின் கொண்டை அவிழ்ந்தது. இடது புருவம் ஏறியது. ஏறியது ஏறியதுதான், அதன்பிறகு இறங்கவேயில்லை. ஓரமாக ஒதுங்கியிருந்த சின்னப்பன், தான் வெகுநேரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதையும், கை சில்லிடாததையும் கவனித்தான். சிரித்துவிட்டான்.

“இன்னாத்துக்குச் சிரிக்கிற?” என்றாள் காமு.

“உன் மூக்கு செவந்துகினு கீது.”

யக்ஞநாராயணன் மூக்கில் அந்த நிறத்தை வைக்கவில்லை. அதைக் கேள்விப்பட்டு அவர் ஓடிவந்து பார்த்தபோது காமு அழுதுகொண்டிருந்தாள். எல்லம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “அழுதா அசிங்கமாத்தான் கீற, என்னிய மாதிரியே” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மறுநாள் லாரி வரிசையில் யாரும் காமுவுக்கு வழி விடவில்லை. அவள் கடைசியில் நின்று, பாதிக் குடத்தோடு, பாடிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். புருவத்தைச் சரிசெய்து தருவதாக யக்ஞநாராயணன் சொன்னபோது அவரை மெட்டில்டா கத்திரிக்கோலோடு மாடிவரை துரத்தினாள். ஊர் மாறியதற்குப் புருவமே காரணம் என்பவர்கள் இன்றும் உண்டு. சண்டையே என்பவர்களும் உண்டு.

அந்த வைகாசியில் மாதா கோயிலில் கல்யாணம் நடந்தது. திரையிலிருந்து வந்தவளுக்கு ஆன்மா இருக்குமா என்று சிலர் கேட்டபோது, தாமும் அன்று அந்தப் பஸ்ஸில்தான் இருந்ததாகவும், அப்படி ஏசுவது ஆன்மா இல்லாத எதனாலும் ஆகாதென்றும் பங்குச் சாமியார் சொன்னார். தகப்பன் ஸ்தானத்தில் யக்ஞநாராயணன் பட்டு வேட்டியோடு வந்து நின்று, எந்த நேரத்தில் எழுந்திருக்க வேண்டும், எந்த நேரத்தில் முழங்கால் போட வேண்டும் என்று தெரியாமல் திணறினார். மோதிரம் பொருந்தியது. பிரியாணியில் உப்பு குறைவென்று எல்லம்மா சண்டை போட்டாள். போட்டோக்களில் காமு ஒருத்திதான் இயல்பாக இருக்கிறாள். மற்ற எல்லோரும் கேமராவைப் பார்த்து விறைத்து, வரைந்து வைத்ததுபோல் நிற்கிறார்கள்.

அதற்குப் பிறகு யக்ஞநாராயணனுக்கு வேலை பெருகியது. படியிறங்கி வருகிறவர்களும் பெருகினார்கள். 1999இல், குளிர்பான விளம்பரத்துக்காகச் செய்த ஒரு கோட் போட்ட இளைஞன், வாடகைக்கு இடம் தேடி மேடவாக்கத்தில் தாயாரம்மாள் என்ற வீட்டுக்காரரின் கதவைத் தட்டினான். அவன் சிரிப்பு கொஞ்சம் பிந்தி வந்தது. தாயாரம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எத்தனை பேர் என்று கேட்டார்.

“நான் மட்டும்தாங்க.”

“தண்ணி காலையில மட்டும்தான் வரும். மோட்டர் போடச் சொல்லிக் கேக்கக் கூடாது.”

“சரிங்கம்மா.”

“ஆணி அடிக்கக் கூடாது” என்று சொல்லி, சாவியை எடுத்துவர உள்ளே போனார்.