நாற்பத்தேழாவது வரி

கட்டுரை அச்சாகி வந்த அன்று, அதைத் திறந்து முதலில் எழுதியவர்களின் பெயர்களைத்தான் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். இல்லை என்று சொல்கிறவர்கள் புளுகுகிறார்கள். நான்கு பெயர்கள் இருந்தன. முதலில் எங்கள் மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவுத் தலைவர், பெரிய டாக்டர். அடுத்து அவருடைய உதவி டாக்டர்கள் இரண்டு பேர்; அதில் ஒருவருக்குச் சராசரி எடுக்கவே ஆள் துணை வேண்டும். நான்காவதாக இயக்குநர். வேலை நடந்த இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எங்கள் அறைப் பக்கம் தலைகாட்டாத மனிதர். என் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ‘கணினி உதவி செய்த புள்ளியியல் பிரிவு ஊழியருக்கு நன்றி’ என்று இருந்தது.

அந்தக் கட்டுரையில் அவர்கள் எழுதியது முன்னுரை மட்டும்தான். மீதி அத்தனையும் என் உழைப்பு.

நான் படித்தது இடவியல். ஒரு வடிவத்தை நசுக்கினாலும் இழுத்தாலும் அதில் மாறாமல் நிற்பது எது, எத்தனை ஓட்டை இருக்கிறது என்று பார்க்கிற கணிதம். எங்கள் கணக்கில் சதுரமும் வட்டமும் ஒன்றுதான். இரண்டிலும் நடுவில் ஒரு ஓட்டை, அவ்வளவு போதும். இதைப் படித்துவிட்டு மருத்துவமனையில் உனக்கு என்ன வேலை என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. வேலை இருந்தது. ஒவ்வொரு நோயாளியையும் ஒரு புள்ளியாக வைத்துக்கொள்ள வேண்டும். ரத்தத்தில் பதினொரு அளவுகள் எடுத்தால் பதினொரு திசைகள். பிறகு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு பந்தை ஊதவேண்டும். பந்துகள் பெருத்து ஒன்றையொன்று தொடும்போது நடுவில் ஓட்டைகள் தோன்றும். இன்னும் ஊதினால் மூடிக்கொள்ளும். சீக்கிரம் மூடுகிற ஓட்டை வெறும் தூசு. எவ்வளவு ஊதியும் மூடாமல் நிற்கிற ஓட்டைதான் நிஜம்.

ஆயிரத்து எண்ணூறு சிறுநீரக நோயாளிகளின் புள்ளிகளில் அப்படி ஒரு ஓட்டை கிடைத்தது. அசையாமல் நின்றது. அதாவது நோயாளிகள் ஒரு வளையம் போலச் சுற்றி நிற்கிறார்கள், நடுவில் யாருமே இல்லை. நோய் ஏறி இறங்குவதில்லை, சுற்றி வருகிறது என்று அதற்குப் பொருள். பெரிய டாக்டர் அதற்கு ‘நோய்ச் சக்கரம்’ என்று பெயர் வைத்தார். யார் சக்கரத்தில் எந்த இடத்தில் நிற்கிறார்களோ அதைப் பார்த்து மருந்து மாற்றப்போவதாகக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். நர்சுகள் அவருக்கு ‘வளையல்’ என்று பெயர் வைத்தது அப்போதுதான்.

நேராக அவர் அறைக்குப் போனேன். மேசையில் கட்டுரையின் பத்து பிரதிகள் அடுக்கியிருந்தன.

“சார், என் பேர் விட்டுப்போச்சு.”

“விட்டுப்போகலம்மா. நன்றியில இருக்கே.”

“அதுல பேரே இல்ல சார். ஊழியர்னு இருக்கு.”

“நீ ப்ரோக்ராம் ஓட்டிக் குடுத்த. அருமையா ஓட்டின, நான் இல்லேங்கல. ஆனா யோசனை என்னோடதும்மா. ஸ்கேன் எடுத்துக் குடுக்கறவர் பேரை எல்லாமா கட்டுரையில போடறோம்?” சிரித்தபடியே ஒரு பிரதியை எடுத்து என் கையில் கொடுத்தார். “இதை வச்சுக்கோ. அடுத்த கட்டுரையில பாத்துக்கலாம்.”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நான்கு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கதவைச் சாத்தாமல் வந்தேன், அவ்வளவுதான் என் வீரம். என் மேசைக்கு வந்து அந்தப் பிரதியை வரி வரியாகப் படித்தபோது, யார் யார் என்ன வேலை செய்தார்கள் என்று சொல்லும் படிவம் கண்ணில் பட்டது. பத்திரிகைக்காரர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள். ‘தரவைச் சுத்தம் செய்தது, நிரல் எழுதியது, பகுப்பாய்வு’ மூன்றுக்கும் நேராக ஒரே பெயர். பெரிய டாக்டர். கம்ப்யூட்டரில் எழுத்தைப் பெரிதாக்க என்னைக் கூப்பிடுகிற மனிதர்.

இந்த ஆளை நடு மண்டபத்தில் தலை குனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

வழி காட்டியது என் தங்கை. அதே மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை லேபில் இருக்கிறாள். தினமும் மதியம் கேன்டீனில் ஒன்றாகச் சாப்பிடுவோம். ஒரு வாரமாக என் புலம்பலைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

“சரிக்கா, அந்த வளையத்துக்கு நடுவுல ஒருத்தர்கூட இல்லேங்கிறியே, அது எப்படி?” என்றாள். “நடுவுன்னா என்ன? ரத்தத்துல எல்லாம் சுமாரா சரியா இருக்கிறவங்கதானே? அவங்களை நான் தினமும் பாக்கறேனே. மருந்து சாப்பிட்டுத் தேறினவங்க எவ்வளவு பேர்.”

“பாத்தா தரவுல இருக்கணுமேடி.”

“இருக்காது. மெஷின்தான் நம்பர் குடுக்காதே. சோடியம், பொட்டாசியம் ரெண்டு உப்பும் சரியா இருந்துச்சுன்னா ‘இயல்பு’ன்னு ஒரே வார்த்தை. மத்த ஒம்போதையும் சேர்த்துக் காலியா விட்டுரும்.”

நான் கையில் எடுத்ததை வாயில் போடவில்லை.

“யாரு இப்படி வைக்கச் சொன்னது?”

“உங்க வளையல்தான். பக்கம் பக்கமா நம்பர் படிக்க முடியல, கெட்டுப்போனதை மட்டும் அனுப்புங்கன்னு மூணு வருஷம் முன்னாடி எழுதிக் குடுத்தாரு. லேப் சுவத்துல இன்னும் ஒட்டியிருக்கு.”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்கு ஓடினேன். பதினொரு அளவுகளில் அந்த இரண்டு உப்புகளை மட்டும் எடுத்து, ஒன்றைக் குறுக்கேயும் ஒன்றை நெடுக்கேயும் வைத்துப் புள்ளி குத்தச் சொன்னேன். திரையில் ஓட்டை வந்தது. அது வட்டமாக இல்லை. நான்கு நேர்க்கோடுகள், நான்கு மூலைகள், கத்தரியால் வெட்டி எடுத்த மாதிரி. எந்த நோயும் அப்படி ஸ்கேல் வைத்து வெட்டாது. அந்தக் கோடுகள் மெஷினில் ‘இயல்பு’ என்று குறித்து வைத்திருக்கும் எல்லைகள். பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் பார்த்ததும் சொல்லியிருக்கும். நாங்கள்தான் வரைந்தே பார்க்கவில்லை. பந்து ஊதி ஓட்டையை எண்ணுகிறவர்களுக்குச் சதுரம் என்ன, வட்டம் என்ன. ஓட்டை நின்றது, நாங்கள் குதித்தோம்.

நோய்ச் சக்கரமாவது மண்ணாவது. நடுவில் அறுநூற்றுப் பதினோரு பேர் இருந்தார்கள். உடம்பு கொஞ்சம் தேறியவர்கள். அவர்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டு, அவர்கள் இருந்த இடம் காலியாக இருக்கிறதே என்று அதிசயப்பட்டிருக்கிறோம்.

வாய்விட்டுச் சிரித்தேன். மாட்டினான் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு, அவர்களை வெளியே போட்டது நிரலில் எந்த இடம் என்று தேடினேன். நாற்பத்தேழாவது வரி. ‘எண் இல்லாத நோயாளிகளை நீக்கு.’ பக்கத்தில் தேதி, நேரம், என் பெயரின் முதலெழுத்துகள். ஏன் எண் இல்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. இரண்டு மாடி கீழே இருக்கிற தங்கையைக் கேட்டிருந்தால் போதும்.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். அப்புறம் அந்தப் படிவம் நினைவுக்கு வந்தது. தரவைச் சுத்தம் செய்தது யார்? பெரிய டாக்டர். நிரல் எழுதியது யார்? பெரிய டாக்டர். ஊரறியக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ‘நான்தான்’ என்றால் இந்த மடத்தனம் அவர் தலையில் விடியும். ‘நான் இல்லை, அவள்’ என்றால் திருட்டு வெளிப்படும். இரண்டில் எதைச் சொன்னாலும் ஆள் தீர்ந்தார். எனக்கு இரண்டாவதுதான் வேண்டும். அவர் இந்தக் கட்டுரையைப் பற்றிப் பேசப்போகிற மாநாட்டில், அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டி, இதையெல்லாம் செய்தது இவள்தான் என்று அவர் வாயாலேயே சொல்லவேண்டும்.

தங்கைக்கு இது பிடிக்கவில்லை.

“இப்பவே போய்ச் சொல்லிரு அக்கா. இல்லேன்னா இதை நம்பி நோயாளிங்க மருந்தை மாத்திருவாங்க.”

“மாத்த மாட்டாங்க. பார்மசில கேட்டுட்டேன். மாநாடு முடிஞ்சு அடுத்த மாசம்தான் ஆரம்பம். மாநாட்டுக்கு இன்னும் ஒம்போது நாள். அன்னிக்கே எல்லாம் நின்னுரும்.”

“அப்ப எதுக்கு ஒம்போது நாள்?”

“பழி வாங்கறதுக்கு. கொலை பண்றதுக்கு இல்ல.”

“உன் தப்பும்தானே அதுல இருக்கு.”

“அவர் என் பேரைச் சொன்னாத்தானே அது என் தப்பு. சொல்லட்டும்.”

நான் அந்த ஒன்பது நாளும் நன்றாகத் தூங்கினேன். பொய் சொல்வானேன்.

மாநாட்டு மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். கணிதக்காரர்கள் ஒரு பக்கம், டாக்டர்கள் ஒரு பக்கம், கல்யாண வீட்டில் இரண்டு தரப்பு உட்கார்ந்திருப்பதுபோல. தலைமை வகித்தவர் வயதான பேராசிரியை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத் திரையைப் பார்க்கிற ரகம். பெரிய டாக்டர் நாற்பது நிமிடம் பேசினார். நான் சொல்லிக் கொடுத்த உதாரணங்கள், நான் வரைந்த படங்கள். பந்து ஊதுவதை விளக்கும்போது என் கையசைவுகூட அவரிடம் வந்திருந்தது. கைதட்டி முடித்தார்கள். நான் கேள்வி மைக்குக்குப் போனேன்.

என்னைப் பார்த்ததும் புன்னகை செய்தார். இவள் புகழத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

“சார், அந்தப் பதினொரு அளவுல சோடியத்தையும் பொட்டாசியத்தையும் மட்டும் வரைஞ்சு காட்ட முடியுமா? இங்கேயே.”

“அது... இப்ப அதுக்கு நேரம் இருக்காதும்மா.”

“நேரம் இருக்கு,” என்றார் பேராசிரியை.

உதவி டாக்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் தடவினார். கடைசியில் படம் வந்தது. சதுரம். நான்கு மூலையும் பளிச்சென்று தெரிந்தன. கணிதக்காரர்கள் பக்கத்தில் ஒருவர் “ஐயையோ” என்றார். அது மண்டபம் முழுக்கக் கேட்டது. பேராசிரியை கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார்.

“எங்க லேப் மெஷின், ரெண்டு உப்பும் இயல்பா இருந்தா நம்பர் அனுப்பாது,” என்றேன். “அறுநூத்துப் பதினோரு பேர் அப்படி. தரவைச் சுத்தம் பண்ணும்போது அவங்களை நீக்கியிருக்காங்க. நடுவுல ஓட்டை வந்தது அதனாலதான். நோயால இல்ல. சுத்தம் பண்ணது யார் சார்?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீர் டம்ளரை எடுத்தார், குடிக்காமலே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் நேராகப் பார்த்தேன். சொல்லு, சொல்லு என்று மனதுக்குள் கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் உதடு பிரிந்தது. வந்துவிட்டது என்று நினைத்தேன்.

“நான்தான்,” என்றார். “இது என் தப்பு. முழுக்க முழுக்க என் தப்பு. கட்டுரையை வாபஸ் வாங்கிக்கறேன். எல்லாரும் மன்னிக்கணும்.”

டாக்டர்கள் பக்கத்தில் ஒருவர் கைதட்டினார். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். எழுந்து நின்று தட்டினார்கள். எனக்கு முன்வரிசையில் இருந்தவர் பக்கத்து ஆளிடம், “எவ்வளவு பெரிய மனசு பாருங்க, இந்தக் காலத்துல யார் இப்படி ஒத்துக்கறா?” என்றார். பெரிய டாக்டர் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார். நான் குனிய வைக்க நினைத்த அதே தலை. கண்கூடக் கலங்கியிருந்தது.

நான் அப்போது உட்கார்ந்திருக்கலாம். கட்டுரை ஒழிந்தது, மருந்து நிற்கும், தப்பும் அவர் கணக்கில் போய்விட்டது. என்மேல் ஒரு தூசு இல்லை. புத்தியுள்ள எவளும் உட்கார்ந்திருப்பாள். ஆனால் அந்த வளையத்தைக் கண்டுபிடித்தபோதும் அவர்தான், அது பொய்த்தபோதும் அவர்தான் என்றால், இரண்டு வருடம் அந்த அறையில் உட்கார்ந்திருந்தது யார்? அவருக்கு அந்த வரி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

மைக்கை மறுபடி பிடித்தேன்.

“அது அவர் தப்பு இல்ல.”

கைதட்டல் விட்டுவிட்டு நின்றது.

“அவருக்கு அந்தத் தப்பைப் பண்ணத் தெரியாது. நிரல்ல நாப்பத்தேழாவது வரி. அதை எழுதினது நான். சுத்தம் பண்ணது நான். அந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சதும் நான். படிவத்துல இருக்கிறது பொய்.”

“விடும்மா,” என்றார் அவர் மெதுவாக. “நான்தான் ஏத்துக்கிட்டேனே.”

“அதைத்தான் சார் வேண்டாங்கறேன்.”

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. யார் முகத்திலும் பரிதாபம் இல்லை. அறுநூற்றுப் பதினோரு நோயாளிகளைக் குப்பையில் போட்டவள் இவள்தானா என்று பார்த்தார்கள். இனி எந்த மருத்துவமனையிலும் எவரும் தரவை நம்பி என் கையில் தரமாட்டார்கள் என்று எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. பேராசிரியை பேனாவைத் திறந்து, கட்டுரையின் முதல் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

“உங்க பேரு?” என்றார்.

முழுப் பெயரையும் சொன்னேன். அவர் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு முறையும் சொன்னேன்.