சரவணமுத்து அண்ணனின் கடைசிப் பந்து

சரவணமுத்து அண்ணனின் ஆட்டத்தைப் பற்றி என் அளவுக்குப் பேசியவன் இந்தச் சேலம் ஜில்லாவில் கிடையாது. ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தைத் தவிர அவர் ஆடிய ஒரு ஃபைனலைக்கூட நான் கடைசிவரை பார்த்ததில்லை. பாதியிலேயே எவன் மண்டையையாவது உடைக்கக் கிளம்பிவிடுவேன்.

பூப்பந்து என்பது பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடுவது. நடுவில் வலை, கையில் பேட், எலுமிச்சங்காய் அளவுக்கு மஞ்சள் நூல் பந்து. எல்லோரும் அந்தப் பந்தை அடிப்பார்கள். சரவணமுத்து அண்ணன் அடிக்க மாட்டார். தூங்குகிற குழந்தையின் கன்னத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டுவது போல மணிக்கட்டை லேசாகத் திருப்புவார், அவ்வளவுதான். பந்து வலையைத் தாண்டி அங்கேயே விழுந்து செத்துப்போகும். எதிராளி விழுந்தடித்து ஓடிவந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அண்ணன் ஓடியதை நான் பார்த்ததில்லை. பந்து எங்கே வருமோ அங்கே ஏற்கெனவே நின்றிருப்பார். நான் திருச்செங்கோட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் சம்மட்டி பிடிப்பவன், பெயர் செங்கோட்டையன். ஓங்கி அடித்துத்தான் எனக்கு எந்தக் காரியமும் நடந்திருக்கிறது. அடிக்காமலும் ஒரு காரியம் நடக்கும் என்று காட்டிய ஒரே ஆள் அவர்தான்.

இந்த ஆட்டத்தைப் போய்ப் பொம்பளை ஆட்டம் என்று சொல்கிற நாக்குகள் ஊருக்கு ஊர் இருந்தன. குமாரபாளையத்தில் அப்படிச் சொன்னவனுக்கு முன்பல் இரண்டும் போயிற்று. இளம்பிள்ளையில் சைக்கிள் செயினைச் சுழற்றினேன். வாழப்பாடியில் தேங்காய் மண்டி வைத்திருந்த பச்சமுத்து, "ஆடறானா, பந்தைத் தடவிக் குடுக்கறானா?" என்றான். வீல் ஸ்பேனரால் அவன் தோள் எலும்பை உடைத்தேன். அந்தப் பேச்சுக்கு இந்த அடியா என்று கேட்டால், அந்தப் பேச்சுக்கு இந்த அடிதான். இன்றுவரை எனக்கு அதில் வருத்தம் கிடையாது.

ஃபைனல் என்றால் பட்டறை ஆட்களை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு போவேன். சோடா பாட்டில் பறக்கும். வலையை எவனாவது அறுப்பான். போலீஸ் வந்து ஆட்டத்தை நிறுத்தும். கோப்பை விழாக் கமிட்டித் தலைவர் வீட்டுப் பரணுக்குப் போகும்.

எண்பத்து நான்காம் வருஷம் தை மாதத்தில் அண்ணன் பட்டறைக்கே என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிற குடும்பம் அவருடையது. முட்டி தேய்ந்துவிட்டதாம், டாக்டர் ஓடக்கூடாது என்கிறாராம். மாசித் திருவிழாவுக்கு வெண்ணந்தூரில் நடக்கிற போட்டியோடு பேட்டைக் கீழே வைத்துவிடப் போவதாகச் சொன்னார். எனக்கு அழுகை முட்டியது. சம்மட்டிக்காரன் அழக்கூடாது என்று டீ வாங்க ஆள் அனுப்பினேன். டீ ஆறிப்போகும்வரை அவர் கையில் வைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"தம்பி, ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னு தெரியுமுங்களா? சரவணமுத்து தோக்கற மாதிரி இருந்தா செங்கோட்டையன் எந்திரிச்சு ஆட்டத்தைக் கலைச்சுப்போடுவான்னு பேசறாங்க. நான் நெசமாலுமே ஆடத் தெரிஞ்சவன்தானான்னு எனக்கே இன்னும் தெரியலீங்க. இந்த ஒரு ஆட்டமாச்சும் முடியோணும். என்ன நடந்தாலும் நீங்க எந்திரிக்கக் கூடாது."

அப்படிப் பேசியவன் யாரென்று பெயரைச் சொல்லச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பட்டறை வாசலிலிருந்து தெரிகிற திருச்செங்கோட்டு மலையைக் காட்டி, ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

மாசியில் வெண்ணந்தூர் ஃபைனலில் எதிரே வந்தது வாழப்பாடி டீம். லாரியை விட்டு இறங்கும்போதே எங்கள் ஆட்களின் இடுப்பைத் தடவிப் பார்த்தேன். நாச்சிமுத்து சொருகியிருந்த கத்தியைப் பிடுங்கி டிரைவர் சீட்டுக்கு அடியில் போட்டேன். சுண்ணாம்புக் கோட்டுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். பச்சமுத்துவும் வந்திருந்தான். ஒரு தோள் சரிந்தே இருந்தது. அவனோடு வந்தவர்கள் கையில் மூங்கில் தடி இருந்தது. நாங்கள்தான் ஆரம்பிப்போம் என்று நம்பி வந்த கூட்டம் அது. முதல் கேம் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. அதுவரைக்கும் நாங்கள் வாய்கூடத் திறக்கவில்லை. அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது கேம் ஆரம்பித்ததும் பச்சமுத்து என் பின்னால் வந்து முதுகில் காலை வைத்தான். "ஏன்டா, இன்னிக்கு ஸ்பேனர் எடுத்தாரலியா?" என்று கேட்டான். நான் திரும்பவில்லை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது காதில். எங்கள் ஆட்கள் பாதி எழுந்துவிட்டார்கள். எவனாவது எழுந்தால் அவன் காலை நானே உடைப்பேன் என்று கத்தி உட்கார வைத்தேன். நாச்சிமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

காவலுக்கு வந்த போலீஸ்காரர் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். அம்பயர் எங்களைப் பார்த்தார், ஆட்டத்தை நிறுத்தவில்லை. இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டால்தான் அதற்குப் பெயர் கலாட்டா. ஒரு பக்கம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்தால் ஆட்டத்துக்கு என்ன கெட்டுப்போகிறது? தலைக்குக் கையைக் கொடுத்தேன், விரல் ஒன்று முறிந்தது. புருவம் கிழிந்து இடது கண்ணை ரத்தம் மூடிவிட்டது. வலது கண் திறந்திருந்தது. அதை வைத்துக்கொண்டு பார்த்தேன்.

என்ன அழகான ஆட்டம் அது. எதிர்ப்பக்கம் கந்தவேல் என்று ஒரு நெட்டைப் பையன். எம்பி எம்பி அடித்தான். அவன் அடித்த பந்து மண்ணில் பட்டால் புழுதி பறந்தது. அந்தப் பந்தை அண்ணன் பேட்டில் வாங்கி, அதன் கோபத்தையெல்லாம் உருவிப் போட்டுவிட்டு, சாதுவாகத் திருப்பி அனுப்பினார். என் முதுகில் தடி இறங்கும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு பந்து சத்தமில்லாமல் விழுந்தது. ஆனால் இத்தனை வருஷம் நான் பார்க்காத ஒன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. கடைசிக் கேமில் அவர் களைத்துப்போகிறார். முட்டியைப் பிடித்துக்கொள்கிறார். போகவேண்டிய பந்து ஒன்றிரண்டு போவதில்லை.

ஒரு கட்டத்தில் வாழப்பாடிக்கு இன்னும் ஒரு பாயிண்ட் எடுத்தால் போதும் என்றாகிவிட்டது. எங்களுக்கு இரண்டு வேண்டும். சர்வீஸும் அவர்கள் கையில். அப்போது அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார்.

என் ரத்தத்தை அவர் பார்க்கவில்லை. என் கண்ணைப் பார்த்தார். தாடையை லேசாக, மிக லேசாக உயர்த்தினார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. குமாரபாளையத்தில் அதைப் பார்த்திருக்கிறேன், இளம்பிள்ளையில் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதற்கு அடுத்து நான் எழுந்து நின்றிருக்கிறேன். என் கோபத்தில் நானாக எழுந்தேன் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவருக்கும் அது தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பட்டறைக்கு வந்திருப்பாரா?

எழுந்திருந்தால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அத்தனை அடி வாங்கியிருந்தேன். எழுந்து பச்சமுத்துவின் கழுத்தைப் பிடித்தால் போதும், ஆட்டம் நின்றுவிடும், அண்ணன் தோற்காதவராகவே வீட்டுக்குப் போவார். ரத்தம் கொதித்தது. இரண்டு கையாலும் மண்ணைப் பிடித்துக்கொண்டு, மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. திரும்பிக்கொண்டார். பந்து வந்தது. கந்தவேல் அடித்தான், அண்ணன் எடுத்தார். மறுபடி அடித்தான், மறுபடி எடுத்தார். மூன்றாவது பந்து உயரமாக வந்தது. அண்ணன் நொண்டிக்கொண்டே அதற்குக் கீழே போய் மணிக்கட்டைத் திருப்பினார். பந்து மெல்ல இறங்கி வலையின் மேல் நாடாவில் உட்கார்ந்தது. அந்தப் பக்கம் விழுமா என்று மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் விழுந்தது.

வாழப்பாடிக்காரர்கள் ஆரவாரம் செய்துகொண்டு உள்ளே ஓடினார்கள். அண்ணன் பேட்டைப் போட்டுவிட்டு நேராக என்னை நோக்கி வந்தார். பச்சமுத்து தடியைத் தாழ்த்தி ஒதுங்கினான். கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நினைத்து நான் முகத்தை நிமிர்த்தினேன். அவர் கையை ஓங்கி என் கன்னத்தில் அறைந்தார்.

"ஏன்டா எந்திரிக்கல?"

பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தேன். அன்று பட்ட அத்தனை அடியிலும் அதுதான் எனக்கு வலித்தது. நாச்சிமுத்து அவர்மேல் பாயப் போனான், காலைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தோத்துட்டனா, தம்பி?" என்றார்.

"ஆமாங்கண்ணா. ஆடத் தெரிஞ்சவன் தோக்கற மாதிரிதான் தோத்தீங்க."

அவர் வாய்விட்டு அழுதார். ஊரே பார்க்க, மூக்கு ஒழுக, சின்னப் பிள்ளையாட்டம் அழுதார். நான் ஒடிந்த விரலோடு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் பச்சமுத்து சிரித்தான். "பாருடா, இதுங்க மூஞ்சியத் தடவிக் குடுக்க ஆள் வேணுமாம்" என்றான்.

என் சத்தியம் ஆட்டம் முடியும்வரைக்கும்தான். ஆட்டம் முடிந்துவிட்டது, அண்ணனும் முழுசாகத் தோற்றாகிவிட்டது. நான் எழுந்தேன்.