அம்மாவின் இடது கை

நர்ஸ் ஊசியை மறுபடியும் வெளியே உருவியபோது, கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்த மகளுக்குப் பொறுமை போய்விட்டது. அம்மாவுக்கு இனி அதிக நாள் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“போதும் சிஸ்டர், விட்டுடுங்க.”

“எனக்கு மட்டும் குத்தணும்னு ஆசையாம்மா? வலி மருந்து உள்ள போக ஒரு வழி வேணுமே. கையில நரம்பே சிக்கல. இல்லன்னா கழுத்துல போட்டுடலாம்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிருக்கார்.”

கழுத்து என்றதும் அம்மா கண்ணைத் திறக்காமலே தலையை அசைத்தாள். இதே மாடியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். எத்தனையோ பேருக்குக் கழுத்தில் போடும்போது தலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அந்த நேரத்தில்தான் நெட்டைச் சித்தியும் கண்ணாடிச் சித்தியும் உள்ளே வந்தார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லை. அம்மாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்து, ஒன்றாக நரைத்தவர்கள். வந்ததும் இருவரும் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார்கள்.

“வலது கை அந்தக் காலத்துலயே உதவாதே,” என்றாள் நெட்டைச் சித்தி.

“இடதுலயும் பாத்துட்டேன்.”

“கள்ளியைப் பாத்தீங்களா?”

நர்ஸ் விழித்தாள். மகளுக்குப் புரிந்தது.

அம்மாவும் சித்திகளும் வேலையில் இருந்த காலத்தில், மூவருக்கும் ஒன்றாக விடுமுறை வாய்க்கும் மதியங்களில் வீட்டுச் சாப்பாட்டு மேசை துடைத்து வைக்கப்படும். வீடெல்லாம் ஸ்பிரிட் வாசனை அடிக்கும். டீ ஆறிக்கொண்டிருக்கும். யாராவது ஒருத்தி ஆரம்பிப்பாள்: “நேத்து ஒரு பெரியவர். குத்திக் குத்தி அவர் கண்ணுல தண்ணி வந்துடுச்சுடி.” ஐயோ பாவம் என்றோ, நீ சரியாகப் பிடித்திருக்க மாட்டாய் என்றோ யாரும் சொல்லமாட்டார்கள். “எப்படி நழுவுச்சு? செஞ்சு காட்டு,” என்பார்கள். உடனே குத்திக் காட்ட ஒரு கை மேசைமேல் நீளும். பெரும்பாலும் அது அம்மாவின் இடது கை. மூவரிலும் பிடிபடாத நரம்பு அவளுக்குத்தான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கமாக ஒளிந்து ஓடும் அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் கள்ளி. அதைப் பிடித்தவள் வேறு எவருக்கும் ஊசி போட்டுவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சிரிப்புச் சத்தம் தெருவரை கேட்கும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு ஆத்திரமாக வரும். மறுநாள் நீலம் பாரித்த கையோடு அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுவாள்.

“கண்ணால தேடாதீங்க சிஸ்டர்,” என்றாள் கண்ணாடிச் சித்தி. “விரலால தேடுங்க. தோலைச் சுண்டுவிரல் பக்கமா இழுத்துப் பிடிச்சுக்கணும், இல்லன்னா உருண்டுடுவா.”

நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். விரல் ஓரிடத்தில் நின்றது. “அட, இருக்கு! ஆனா நூல் மாதிரில்ல இருக்கு? இருங்க, குழந்தைங்களுக்குப் போடற ஊசி எடுத்துட்டு வரேன். கை மேல ரப்பர் கட்டும் போட வேண்டாம்.”

“கட்டுப் போடாமலா?”

“இவ்வளவு மெல்லிசா இருந்தா, கட்டிட்டுக் குத்தினா நரம்பு வெடிச்சுடுது. நாங்க இப்போ கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டுட்டு அப்படியே போட்டுடறோம்.”

“இது எங்களுக்குத் தோணலையே,” என்று நெட்டைச் சித்தி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “மெதுவாப் பண்ணுங்க, பாக்கணும்.”

மூன்று தலைகள் அந்தக் கையின்மேல் கவிந்தன. மகளுக்கு நரம்பும் தெரியவில்லை, ஊசியும் தெரியவில்லை. மூன்று முதுகுகள்தான் தெரிந்தன.

“சாய்ச்சு…” என்றது அம்மாவின் குரல். காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல். “இன்னும் சாய்ச்சுப் பிடி.”

“இப்பவும் வாயை மூடிட்டுக் கையைக் குடுக்க மாட்டியாடி நீ?” என்றாள் நெட்டைச் சித்தி.

மகள் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் உதட்டோரம் சிரிப்பில் கோணியிருந்தது. குழாயில் ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. “வந்துட்டா,” என்றார்கள் குனிந்திருந்த மூவரும், ஒரே குரலில்.

மருந்து இறங்க இறங்க அம்மாவின் புருவ முடிச்சு அவிழ்ந்தது. மகள் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா ஒருமுறை கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள், பிறகு அவள் முன்நெற்றி முடியைப் பார்த்தாள். கலைந்திருந்தது. மகள் அதை ஒதுக்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு அம்மா தூங்கினாள்.

ஜன்னலில் வெயில் இறங்கும்போது மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊசியை எடுக்க நர்ஸ் தட்டோடு வந்தாள். நெட்டைச் சித்தி எழுந்தாள்.

“நான் எடுக்கட்டுமா?”

நர்ஸ் மகளைப் பார்த்தாள். மகள் தலையசைத்தாள்.

நெட்டைச் சித்தி கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து, ஒரு முடிகூட இழுபடாமல் உரித்தாள். ஊசியை உருவிக்கொண்டே பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரத்தம் வரவில்லை. அவள் விரலை எடுக்கவில்லை.

கண்ணாடிச் சித்தி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைக்க ஆரம்பித்தாள். நர்ஸ் புதிய பிளாஸ்திரியில் ஒரு துண்டைக் கிழித்து, விரல் நுனியில் ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.